கார்செட் வளைத்த விலா எலும்புகள்

பாரிஸில் உள்ள மனித அருங்காட்சியகத்தில் 1700 முதல் 1900 வரையிலான காலத்துப் பெண்களின் எலும்புக்கூடுகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் ரெபெக்கா கிப்சன், விலா எலும்புகள் வழக்கமான வில் வடிவில் இல்லாமல் ‘எஸ்’ எழுத்துபோல நெளிந்திருந்ததாக 2015இல் எழுதினார். காரணம், இடுப்பு சிறுத்துத் தெரிவதற்காக அவர்கள் கயிறிழுத்துக் கட்டிய கார்செட் என்ற இறுக்கமான உள்ளாடை.

வெறும் துணி விலாவை வளைக்காது. திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் சல்லடைத் தகட்டைக் கீற்றுகளாக வெட்டித் துணிக்குள் செருகினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் வந்ததும், துணி கிழியும் என்ற பயமில்லாமல் இன்னும் இறுக்க முடிந்தது.

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். மேல் 7 ஜோடி நெஞ்செலும்போடு நேராகச் சேர்கின்றன. அடுத்த 3 ஜோடி, மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைப் பிடித்து நிற்பவை. கடைசி 2 ஜோடிக்கு முன்பக்கம் பிடிமானமே கிடையாது. கார்செட் இறுக்குவது இந்தக் கீழ்ப்பகுதியைத்தான். உங்கள் கீழ் விலாவை இரு கைகளாலும் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போகும், விட்டதும் திரும்பிவிடும். சரி, வருடக்கணக்கில் விடாமலே இருந்தால்?

எலும்பு உயிருள்ள திசு. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. விழும் விசைக்கேற்ப எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். வளரும் வயதில் எலும்பு இன்னும் எளிதாக வளைந்துகொடுக்கும்; பலருக்குச் சிறுமியாக இருக்கும்போதே கட்டிவிட்டார்கள். இன்று முதுகு பக்கவாட்டில் வளையும் பிள்ளைகளுக்கு, வளைவு மேலும் கூடாமலிருக்க பிரேஸ் என்ற உடலைத் தாங்கும் கவசம் போடுகிறோமே, அங்கும் வேலை செய்வது நீண்டநேர அழுத்தம்தான்.

முதுகைத் தடவினால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும் எலும்பு நீட்சிகளும் அந்தப் பெண்களுக்கு வரிசை பிசகியிருந்தன. ஆனால் எல்லாப் பழியையும் கார்செட்மேல் போடக்கூடாது. வெயில் படாத நகரங்களில் வைட்டமின் டி குறைவால் வந்த ரிக்கெட்ஸ் நோயும் விலாவை வளைக்கும்.

அக்கால மருத்துவர்கள் பலர் கார்செட்டைக் கொலைகாரனாகவே பேசினார்கள். கிப்சன் ஆராய்ந்த பெண்களோ அக்காலத்துச் சராசரி ஆயுளை எட்டியவர்கள், அல்லது தாண்டியவர்கள். எலும்பு கோணியது உண்மை. அதனாலேயே இளம் வயதில் செத்தார்கள் என்பதற்கு இந்த எலும்புகள் சாட்சி சொல்லவில்லை. அப்புறம், இடுப்பு மெலிய விலாவையே அறுத்தெடுத்தார்கள் என்ற கதைக்கும் ஆதாரமில்லை. மயக்க மருந்து 1840களில்தான் அறுவை சிகிச்சைக்கு வந்தது, கிருமிநீக்கம் அதற்கும் பிறகு. அழகுக்காக அந்தக் கத்தியின்கீழ் படுத்தவர் உயிரோடு எழுவதே நிச்சயமில்லை.