பிப்ரவரியில் போன 8,400 ரூபாய்

ஜூலை வந்தால் எனக்கு வேலை, அடுத்தவர் வங்கி ஸ்டேட்மென்டை வரிவரியாகப் படிப்பதுதான். ஆடிட்டருக்கு வேறென்ன வேலை? முன்பெல்லாம் வீட்டுக் கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம் என்று பெரிய தொகைகளில்தான் கண் நிற்கும். இப்போது 349, 899, 1,650 என்று பொடிப்பொடியாக வரும் சந்தாக்கள்தான் நிறுத்துகின்றன.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் ஒரு பெண்மணி இந்த ஆண்டு கணக்கோடு வந்திருந்தார். பிப்ரவரியில் 8,400 ரூபாய் ஒரே தவணையில் போயிருந்தது. என்னவென்று கேட்டேன்.

“வேலைகளைப் பட்டியல் போட்டு நினைவூட்டும் செயலி சார். ரொம்பப் பயனுள்ளது.”

“கடைசியாக எப்போது திறந்தீர்கள்?”

போனை எடுத்துப் பார்த்தார். கடைசிப் பதிவு: மார்ச் 11, பல் டாக்டர். அவர் மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் பெயின்ட் கறை, உள்ளே ஜன்னல் அளவுகள், தச்சருக்குக் கொடுத்த முன்பணம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் டிக். தொழில் நடப்பது அந்த நோட்டில்தான்.

“போகட்டும் சார், செலவுக் கணக்கில் எழுதிவிடலாமே” என்றார். எல்லோரும் சொல்வது இதுதான், பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள். இவரைப் போன்ற தொழில்முறையாளர்கள் பலர் அனுமான வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். மொத்த வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். மீதியில் எல்லாச் செலவும் அடக்கம். செயலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரியில் ஒரு ரூபாய் மாறாது. முழுக் கணக்கு எழுதுபவராக, 30 சதவீத வரம்பில் இருப்பவராகவே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் செலவழித்தால் வரியில் மிச்சமாவது மூவாயிரத்துச் சொச்சம். மற்றது நம் பணம்.

டாலரில் விலை போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம் வரை போகும், அந்தக் கட்டணத்துக்கும் தனியாக ஜிஎஸ்டி.

சந்தாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே ஒன்று கட்டுகிறேன். பில்களைப் படம் எடுத்தால் எக்செல் அட்டவணையாக மாற்றித் தரும் செயலி அது. மாதம் 1,100 ரூபாய், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 9,000. மாதக் கணக்கு நஷ்டம் போலத் தெரியும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் எனக்கு அது தேவை. 4,400 ரூபாயில் முடிந்துவிடுகிறது, என் உதவியாளரும் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகிறார். அக்டோபரில் ரத்து செய்துவிடுவேன். தள்ளுபடி என்று ஆண்டுச் சந்தாவை நீட்டும்போது, எத்தனை மாதம் உண்மையில் திறப்போம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது நல்லது.

போட்டுவைத்ததை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள். குறிப்பெழுதப் பலரும் பயன்படுத்திய எவர்நோட், 2023 டிசம்பரில் இலவசப் பயனாளர்களுக்கு 50 குறிப்பு, ஒரே நோட்டுப் புத்தகம் என்று வரம்பு கட்டியது. ஏற்கெனவே எழுதியது பறிபோகவில்லை, வெளியே எடுக்கவும் முடிந்தது; ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் கட்டணமில்லாமல் புதிதாக எழுத முடியாமல் போனது.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலோ, யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலோ போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய் வரையான சந்தாவுக்கு, முதல் முறை அனுமதி கொடுத்த பின் ஓடிபி கேட்காது. ஆகவே அந்தக் குறுஞ்செய்தி ஒன்றுதான் காவல். அதைத்தான் நாம் விளம்பரம் என்று படிக்காமல் அழிக்கிறோம். ரத்து செய்யவிடாமல் சுற்றவிடுவதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்றே தடை செய்திருக்கின்றன. புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்தப் பெண்மணி என் மேசையிலேயே ரத்து செய்தார். நான்கு திரை தாண்ட வேண்டியிருந்தது. மூன்றாவது திரையில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றது. ஒரு கணம் தயங்கிவிட்டுத் தாண்டினார். கட்டிய பணத்துக்கு அடுத்த பிப்ரவரி வரை செயலி வேலை செய்யும்.

“அதுவரை பல் டாக்டர் தேதியை அதிலேயே எழுதிக்கொள்கிறேன் சார்” என்றார்.