கப்பல் பயணத்துக்கு விமான டிக்கெட்டை எப்போது போடுவது?

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய்ச் சுற்றுலாக் கப்பல் ஏற வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது அதிகம். எந்தக் கேபின், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று எல்லாவற்றையும் விசாரித்து முன்பணம் கட்டிவிடுவார்கள். விமானம் என்று வந்ததும், "ஏனுங்க, இன்னுங் கொஞ்ச நாள் பொறுத்துப் போடலாமுங்க, விலை இறங்குமுங்க" என்பார்கள். நூல் விலை இறங்கட்டும் என்று காத்திருந்து வாங்கிப் பழகிய ஊர், அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கப்பலைப் பிடிக்கப் போகும் விமானத்தில் இந்தக் கணக்கு சரிவராது.

சாதாரணச் சுற்றுலா என்றால் விலை குறைவான நாளாகப் பார்த்துக் கிளம்பலாம். கப்பல் புறப்படுவது ஒரே நாள், ஒரே நேரம். விலை இரண்டு மடங்கானாலும் அந்த நாளுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதிலும் கோவையின் பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் பறக்கும் விமானங்கள் குறைவு, வருவதும் சின்ன விமானங்கள். மே மாதத்தில் அந்த இருக்கைகள் தீர்ந்துவிட்டால் சென்னை, பெங்களூரு, கொச்சி என்று சுற்ற வேண்டியதுதான். அதனால் மூன்று, நான்கு இரவுச் சிங்கப்பூர் பயணத்துக்கு நான் சொல்வது ஒன்றே: கப்பல் உறுதியான அந்த வாரத்திலேயே விமானத்தையும் போட்டுவிடுங்கள். விடுமுறைக் காலம் என்றால் நான்கைந்து மாதம் முன்பே.

குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பக்கம் அண்ணன் தம்பி, மச்சான் குடும்பம் என்று எட்டுப் பேராவது சேர்ந்துதான் கிளம்புவோம். விமானத்தில் குறைந்த விலையில் 5 இருக்கைதான் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். 8 பேருக்கு ஒன்றாகத் தேடினால் பெரும்பாலும் 8 இருக்கைக்கும் அடுத்த மேல் விலையையே காட்டும். எனவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். விலை எந்த இடத்தில் தாவுகிறதோ அங்கே இரண்டாகப் பிரித்துப் போடலாம். குழந்தைகள் மட்டும் பெரியவர்களோடு ஒரே பதிவில் இருக்கட்டும்.

ஐரோப்பியக் கப்பல் என்றால் முறையே வேறு. கப்பல் நிறுவனங்கள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே விற்கத் தொடங்கிவிடும். விமான நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்புதான் இருக்கைகளைத் திறக்கும். இடையில் விசாவும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். சில ஆயிரம் கூடினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டே நல்லது. கப்பல் துருக்கியையோ மாண்டினீக்ரோவையோ தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்றால், ஒரு முறை நுழையும் விசா போதாது; அவை ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், திரும்பி வருவது இரண்டாவது நுழைவு ஆகிவிடும்.

பெயரையும் டிக்கெட் போடும் முன்பே சரிபாருங்கள். நம் ஊரில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துபாயில் கப்பல் ஏற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கப்பல் பதிவு, விமான டிக்கெட், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி நான் மன்றாடிக் கேட்கும் விஷயம். கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்காதீர்கள். இரவு ஏறினால் விடியலில் சிங்கப்பூர், மதியம் கப்பல், ஒரு நாள் ஓட்டல் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். கப்பல் மாலை 5 மணிக்கு என்றால் 5 மணிவரை ஏறலாம் என்று அர்த்தமில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பதிவை மூடிவிடுவார்கள். நீங்களாக வாங்கிய டிக்கெட்டில் வரும் விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பணம் திரும்பாது. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றால் கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அந்த நாட்டு விசா வேண்டும், அங்கே போக உடனடி டிக்கெட் வேண்டும்.

சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அடுத்த வருடம் நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலில் மறுபடியும் மூடினார்கள். அரையாண்டு விடுமுறைப் பயணங்கள் தொடங்குவதும் இந்த மழைக்காலத்தை ஒட்டித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை வழி போவதானால் இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள் என்பேன்.

கோவை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் தனி டிக்கெட் என்று வாங்கினால் கொஞ்சம் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே முன்பதிவில், இரண்டும் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. கூடுதல் பணம் கொடுத்தாவது அப்படியே வாங்குங்கள். பெங்களூரில் விமானம் பிடிக்கிற ஈரோடு, சேலத்துக்காரர்களுக்கு வேறொரு சிக்கல்: ஓசூர் வழியாக உள்ளே போனால், நகரத்துக்கு வடக்கே இருக்கும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். அந்த நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

திரும்பும் விமானத்தையும் கையோடு போடுங்கள். கப்பல் காலை 6, 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும் பெட்டி, குடியேற்றச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர 10 மணிகூட ஆகலாம். சிங்கப்பூரில் மதியம் 1 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள். ரோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், ரோமிலிருந்து 70, 80 கிலோமீட்டர் தள்ளி. அங்கே மாலை விமானமே சரி.