பவர் சரியாக இருந்தும் கண்ணாடி ஏன் கண்ணை இழுக்கிறது?

மூக்குக்கண்ணாடித் தொழிலில் பயிற்சி பெற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த பவரும் லென்ஸின் பவரை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் படித்த பவரும் கால் டயாப்டர்கூடப் பிசகாமல் ஒத்துப்போகின்றன, ஆனாலும் கண்ணாடியை வாங்கிச் சென்றவர் "தலை வலிக்கிறது, கண்ணை இழுக்கிறது" என்று திரும்பி வருகிறார், அப்படியானால் பிழை எங்கே?

பிரேமின் சாய்வு, லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, சிலிண்டரின் அச்சு எனச் சந்தேகிக்க வேண்டியவை பல உண்டு. இருந்தாலும், லென்ஸின் ஒளியியல் மையம் கண்பாவைக்கு நேராக நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அந்த மையம் சில மில்லிமீட்டர் விலகிப் பொருத்தப்பட்டாலும் பவர் மாறுவதில்லை. ஆனால் யாரும் எழுதித் தராத ஒரு பிரிசம், அதாவது ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் ஆப்பு வடிவம், கண்ணாடிக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.

அடிப்படையை விரைந்து கடந்துவிடலாம். மீட்டரில் அளந்த குவியத் தொலைவின் தலைகீழ் எண்ணே டயாப்டர், 50 செ.மீ. தொலைவில் ஒளியைக் குவிக்கும் லென்ஸின் பவர் 2 டயாப்டர். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் மோனுவாயே 1872இல் முன்மொழிந்த அலகு இது. கிட்டப்பார்வைக்கு மைனஸ், தூரப்பார்வைக்கும் வெள்ளெழுத்துக்கும் ப்ளஸ், சிதறல் பார்வைக்குச் சிலிண்டர் என்பதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

இனி, லென்ஸின் விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளியியல் மையத்தில் லென்ஸின் முன்பரப்பும் பின்பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளன. அதனால் அங்கே நேராக நுழையும் கதிர் திரும்பாமல் வெளியேறுகிறது. மையத்தை விட்டு விலகிய மறுகணமே இரு பரப்புகளும் ஒரு கோணத்தில் சாயத் தொடங்குகின்றன. கோணத்தில் சாய்ந்த இரு பரப்புகள் என்றால் அது பிரிசம்தான். விலக விலக அந்தக் கோணம் பெரிதாகிறது. ஆக, ஒரு லென்ஸ் என்பது மையத்தில் சுழியத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிச் சீராக வலுவேறும் எண்ணற்ற பிரிசங்களின் தொகுப்பு. ப்ளஸ் லென்ஸில் அவற்றின் தடித்த அடிப்பக்கம் மையத்தை நோக்கியும், மைனஸ் லென்ஸில் விளிம்பை நோக்கியும் இருக்கும்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு பிரிசம் என்ற கணக்கில்தான் எனக்கு இன்றும் தீராத மகிழ்ச்சி. 1 மீட்டர் தொலைவில் கதிரை 1 செ.மீ. இடம்பெயர்க்கும் பிரிசத்தின் அளவு 1 பிரிசம் டயாப்டர். இப்போது 2 டயாப்டர் ப்ளஸ் லென்ஸில், மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஓர் இணைக்கதிர் விழுகிறது என்று கொள்வோம். அது 50 செ.மீ. தொலைவில் உள்ள குவியத்தை அடைந்தே தீர வேண்டும். அதாவது, 50 செ.மீ. தூரம் செல்வதற்குள் அது 1 செ.மீ. இறங்கியாக வேண்டும், அதே சரிவில் 1 மீட்டர் சென்றால் 2 செ.மீ. இறங்கியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் லென்ஸ் 2 பிரிசம் டயாப்டராக வேலை செய்கிறது. சென்டிமீட்டரில் விலகலை டயாப்டரில் உள்ள பவரால் பெருக்கினால் பிரிசம் கிடைத்துவிடும். அமெரிக்கக் கண்ணாடி வல்லுநர் சார்லஸ் பிரென்டிஸின் பெயரால் வழங்கும் விதி இதுதான். மனப்பாடம் செய்ய வேண்டிய தனிச் சூத்திரமாகப் பாடநூல்கள் இதைக் கட்டம் கட்டிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. குவியம் என்றால் என்ன என்பதையே வேறு சொற்களில் சொல்லும் விதி இது.

கண்ணால் பார்த்தும் உறுதி செய்துகொள்ளலாம். சுவரில் ஒரு நெடுங்கோடு வரைந்து, அதற்கு 1 மீட்டர் முன்பாக ஒரு மைனஸ் 6 லென்ஸைப் பிடித்து, கண்ணை லென்ஸுக்கு அருகில் வைத்து, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பாருங்கள். மையம் நேராக இருக்கும்போது லென்ஸுக்குள் தெரியும் கோடும் அதற்கு மேலும் கீழும் வெளியே தெரியும் கோடும் ஒரே நேர்க்கோடாக இணைந்திருக்கும். லென்ஸை வலப்பக்கம் 4 மி.மீ. நகர்த்தினால் உள்ளே இருக்கும் துண்டு மட்டும் அறுபட்டு, தானும் வலப்பக்கம் நகரும். நகர்வு சுவரில் 2.4 செ.மீ. அளவுக்கு இருக்கும். 0.4 செ.மீ. பெருக்கல் 6 டயாப்டர் என்ற கணக்கு அப்படியே சுவரில் தெரிகிறது. ப்ளஸ் லென்ஸானால் துண்டு எதிர்ப்பக்கம் ஓடும். லென்சோமீட்டர் கையில் இல்லாதபோது லென்ஸின் இனத்தை அறிய மூத்தவர்கள் அதை ஆட்டிப் பார்ப்பதன் பொருள் இதுவே.

கேள்வி கேட்டவருடைய கண்ணாடிக்கு வருவோம். பிரேமின் காலில் 52, 18 என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்: லென்ஸின் அகலம் 52 மி.மீ., மூக்குப்பாலம் 18 மி.மீ. இரு லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 70 மி.மீ. அணிபவரின் கண்பாவை இடைவெளி, அதாவது பி.டி., 62 மி.மீ. என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளிப் பொருத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மைனஸ் 6 லென்ஸைப் பிரேமின் நடுவிலேயே பொருத்திவிட்டால், கண்கள் மையத்துக்கு உட்புறமாகப் பார்க்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் 2.4 வீதம், அடிப்பக்கம் மூக்கை நோக்கிய 4.8 பிரிசம் டயாப்டர் சேர்ந்துவிடும். இரட்டையாகத் தெரியாமல் இருக்க, கண்கள் அந்த அளவுக்கு வெளிப்புறம் விரிய வேண்டும். உட்புறம் குவிவது கண்களுக்கு அன்றாட வேலை. வெளிப்புறம் விரிவதற்கோ அவற்றுக்குத் திறன் குறைவு. தொலைவைப் பார்க்கும்போது பெரும்பாலோரால் ஏறத்தாழ 7 பிரிசம் டயாப்டர் வரைதான் விரிக்க முடியும். அதில் பெரும்பகுதியை நாள் முழுவதும் செலவழிப்பவருக்குத் தலை வலிக்காமல் எப்படி இருக்கும்? இதே பிழை ப்ளஸ் லென்ஸில் நேர்ந்தால் அடிப்பக்கம் காதுப் பக்கமாக அமைந்து, கண்களைக் குவியச் சொல்லும். அதைப் பலரும் தாங்கிக்கொள்வார்கள். அரை டயாப்டர் லென்ஸானால் இரு கண்ணுக்கும் சேர்த்து வெறும் 0.4 என்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மையம் பார்க்காத கடையில்கூடப் பல மாதங்கள் புகார் வராமல் இருப்பதற்கும், அதிகப் பவர் உள்ளவர் வந்த அன்றே சிக்கல் வெளிப்படுவதற்கும் காரணம் இதுதான்.

பிழை லென்சோமீட்டரிலேயே தெரிந்திருக்கும். கண்பாவைக்கு நேரான இடத்தைக் குறித்து, அந்த இடத்தைக் கருவியில் வைத்தால் அதனுள் தெரியும் இலக்குக் கோடுகள் நடுவில் நிற்காமல் ஒதுங்கியிருக்கும். அவை எந்த வளையத்தில் விழுகின்றன என்பதே பிரிசத்தின் அளவு. கோடுகள் நடுவுக்கு வரும்வரை லென்ஸை நகர்த்தி, பவரை மட்டும் படித்துவிட்டு எடுத்துவிடுவதால்தான் பிழை தப்பிவிடுகிறது.

இப்படித் திரும்பி வருபவரிடம் நீல ஒளி வடிகட்டும் பூச்சை விற்பது இப்போது வழக்கமாகிவருகிறது. அந்தப் பூச்சு குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே, 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பாய்வு கூறுகிறது. மில்லிமீட்டர் அளவுகோலை ஒருமுறை மூக்கின் மேல் வைத்துப் பார்த்தால் தீர வேண்டிய தொல்லைக்குப் பூச்சை மருந்தாக்குவது, அறிவியல் உடையணிந்த மூடநம்பிக்கை என்பது என் கருத்து.

பி.டி.யை அளக்கும்போது அணிபவருக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் இடக்கண்ணை மட்டும் திறந்து அவரை அதைப் பார்க்கச் சொல்லி வலக்கண்ணின் புள்ளியையும், பிறகு வலக்கண்ணைத் திறந்து இடக்கண்ணின் புள்ளியையும் குறியுங்கள். இரு கண்ணையும் திறந்துகொண்டு அளந்தால் இடமாறு தோற்றம், அதாவது பார்க்கும் இடம் மாறுவதால் புள்ளி நகர்ந்தாற்போல் தெரிவது, அளவைக் கெடுக்கும். மூக்கின் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். படிக்கும் கண்ணாடிக்குப் பி.டி. 3 முதல் 4 மி.மீ. குறையும். உயரத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை: இரு லென்ஸ்களும் சேர்ந்தே 2 மி.மீ. இறங்கினால் பெரிய கேடில்லை, ஒன்று மட்டும் இறங்கினால்தான் கேடு. மேல்கீழ்த் திசையில் இரு கண்களாலும் இணக்கிக்கொள்ள முடிந்தது ஏறத்தாழ 3 பிரிசம் டயாப்டர்தான்.

எல்லாம் சரியாகப் பொருத்தியும் இந்த விதி விடாமல் துரத்தும் ஒருவர் உண்டு: வலக்கண்ணுக்கு மைனஸ் 1, இடக்கண்ணுக்கு மைனஸ் 5 என்று பவர் உள்ளவர். அவர் படிப்பதற்காகக் கண்ணைத் தாழ்த்தி, மையத்துக்கு 10 மி.மீ. கீழே பார்க்கும்போது ஒரு கண்ணில் 1, மறு கண்ணில் 5 என அடிப்பக்கம் கீழ்நோக்கிய பிரிசம் உருவாகிறது, வேறுபாடு 4. எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்னால் அது யாருடைய கைப்பிழையும் அல்ல. கண்ணைத் தாழ்த்தாமல் தலையைத் தாழ்த்திப் படிக்கச் சொல்லலாம். கண்ணோடு சேர்ந்து நகர்வதால் கான்டாக்ட் லென்ஸில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. கண்ணாடியே வேண்டும் என்பவருக்கு, மைனஸ் கூடுதலான லென்ஸின் கீழ்ப்பகுதியை மட்டும் எதிர்த்திசைப் பிரிசமாகத் தேய்த்துத் தரும் ஸ்லாப் ஆஃப் முறை இருக்கிறது. அப்படித் தேய்த்த லென்ஸின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறது என்று அவர் மறுபடியும் வந்து நிற்பார்.