முருகேசன் ஒருவரா, இருவரா?

தண்டையார்பேட்டையில் ஒருவர் தன் குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் தாத்தா ‘கே. முருகேசன், பின்னி மில், பிறப்பு 1921’. பினாங்கிலிருக்கும் தூரத்துச் சொந்தம் ஒருவர் எப்போதோ போட்ட மரத்தில் ‘முருகேசன் கந்தசாமி, பெரம்பூர், பிறப்பு சுமார் 1919’. இருவரும் ஒரே ஆள்தானா?

ஜெனி, விக்கிட்ரீ போன்ற குடும்ப மரத் தளங்களில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. உலகம் முழுமைக்கும் ஒரே மரம், ஒரு மனிதருக்கு ஒரே பக்கம் என்பதுதான் அவற்றின் ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த மரம் எவ்வளவு பெரிதாகும்? ஜெனியின் 8.6 கோடிப் பக்கங்களை அலசி, 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 1.3 கோடிப் பேர் ஒரே மரத்தில் கோக்கப்பட்டிருந்தார்கள்.

10,000 பேர் உள்ள மரத்தை 10 லட்சம் பேரோடு ஒவ்வொருவராக ஒப்பிட்டால் 1,000 கோடி ஜோடிகள். அதனால் முதலில் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை மட்டும் ஒரு கூடையில் போடுவார்கள். இதற்குப் பழைய வழி சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யெழுத்துகளை மூன்று இலக்கங்களாக்கும். முருகேசனை ‘ஜி’ போட்டு எழுதினாலும் ‘கே’ போட்டு எழுதினாலும் 622தான். ஏழுமலையிடம் அது தடுமாறிவிடும். ழகரத்துக்கு ‘இசட் எச்’ போட்டால் 254, ‘எல்’ போட்டால் 454. ஒரே ஆள் இரண்டு கூடையில் விழுவார்.

கூடைக்குள் வந்ததும் மதிப்பெண். ஃபெலிகி, சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1969இல் கொடுத்த கணக்கின் சாரம் எளிது: அரிதான விவரம் பொருந்தினால்தான் நம்பிக்கை கூடும். நூற்றில் ஒருவருக்கு இருக்கும் பெயர் பொருந்துவதைவிட, பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் பொருந்துவது நூறு மடங்கு வலுவான சான்று. ‘கே’ என்ற இனிஷியல் கந்தசாமிக்கும் பொருந்தும், கண்ணனுக்கும் கிருஷ்ணனுக்கும் பொருந்தும். அதற்குப் பெரிய மதிப்பில்லை. பிறந்த ஆண்டில் இரண்டு மூன்று வருடம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களின் குடும்பங்களில் கேட்டுப்பாருங்கள். கப்பல் காகிதத்தில் ஒரு வயது, ரேஷன் கார்டில் வேறு வயது.

ஆக, முடிவு பெயரில் இல்லை, சுற்றியிருக்கும் உறவுகளில் இருக்கிறது. அப்பா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் பொருந்தினால் சரி. நம் ஊரில் அதிலும் ஒரு வில்லங்கம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். இரண்டு முருகேசனுக்கும் ஒரே தாத்தா, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வயது. அண்ணனும் தம்பியும் அக்கா தங்கையையே கட்டியிருந்தால் அம்மா வழித் தாத்தா பாட்டியும் ஒன்றே. இரண்டு அப்பாக்களின் இனிஷியலும் ஒன்றாகிவிட்டால், இந்த இரண்டு முருகேசனையும் பிரித்துக் காட்டுவது அம்மாவின் பெயரும் மனைவி பிறந்த வீடும். பழைய பத்திரங்களில் அதுதான் இருக்காது. ‘முருகேசன் மனைவி’ என்று முடித்துவிடுவார்கள். வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள் என்பேன்.

இணைத்தபிறகு வேலை மேல்நோக்கி ஓடும். ஒன்றான முருகேசனுக்கு இப்போது இரண்டு அப்பாக்கள். அவர்களையும் இணைக்க வேண்டும், அப்புறம் அவர்களுடைய அப்பாக்களை. அடியில் செய்த தப்பு தலைமுறை தலைமுறையாக ஏறும். சில தப்புகளை மென்பொருளே பிடித்துவிடும்: தாத்தா கந்தசாமியையும் பேரன் கந்தசாமியையும் ஒன்றாக்கினால், நடுவிலுள்ள முருகேசன் தன் மகனுக்கே மகனாகிவிடுவார். மரத்தில் இப்படி வளையம் வரக்கூடாது என்பதால் எச்சரிக்கை அடிக்கும். பங்காளிகள் இருவரை ஒன்றாக்கினால் வளையம் வராது, சத்தமும் வராது. இருவரின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பிறகு பிரிக்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை எந்த வீடு என்று கையால்தான் பொறுக்க வேண்டும்.

விக்கிட்ரீயில் இணைத்தால் பொதுவாகச் சிறிய எண்ணுள்ள பக்கம் நிற்கும், மற்றது அதற்குத் திருப்பிவிடப்படும். இருவரும் வேறு வேறு என்று உறுதியானால், அதையும் ‘பொருத்தமில்லை’ எனப் பதிந்து, காரணத்தையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இன்னொரு சொந்தக்காரர் வந்து நல்லெண்ணத்தோடு இணைத்துவிட்டுப் போவார்.