மெட்டாடேட்டா: மீந்ததா, கூட வந்ததா?

"ஏன்டா, மீதி டேட்டாவைப் பத்திரமா எடுத்து வெப்பானாமே, நல்ல விஷயம்தானே?" என்று அத்தை கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். படங்களை மேகத்தில், அதாவது இணையத்தில் எங்கோ இருக்கிற கணினியில், ஏற்றி வைக்கிற ஒரு செயலி. 'பதிவேற்றும்போது உங்கள் மீத்தரவு பாதுகாக்கப்படும்' என்று போட்டிருந்தது. அத்தைக்கு டேட்டா என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ராத்திரி பன்னிரண்டுக்குள் தீர்க்காவிட்டால் வீணாகிற அந்த மீதியைத்தான் இந்தப் புண்ணியவான் சேர்த்து வைக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். 'தட்டில் எதையும் மீத்து வைக்காதே' என்று சொல்லி எங்களை வளர்த்தவர் அவர். வேறு எப்படிப் படிப்பார்?

மெட்டாடேட்டாவுக்கு, அதாவது ஒரு கோப்பு எப்போது, எதில் உண்டானது என்பது போன்ற விவரங்களுக்கு, வைத்த தமிழ்ப் பெயர்தான் இந்த 'மீத்தரவு'. அது என்னைத் துரத்துவது இது முதல் தடவை அல்ல. சுவடிகளை மின்னாக்குவது பற்றிய ஒரு பேச்சில் பேசியவர் நாற்பது நிமிடத்துக்குள் இருபது தடவையாவது சொன்னார். ஒரு மாத இதழில் தலைப்பாகவே வந்தது. இப்போது ஜாபர்கான்பேட்டையில் அத்தை வீட்டு ஊஞ்சல் வரைக்கும் வந்துவிட்டது. இனிமேல் எழுதாமல் இருக்க முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மெட்டா' கிரேக்கம், பின், உடன், இடையில் என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தவர்கள் இயற்கை பற்றிய நூலுக்கு அடுத்து வைத்ததை 'இயற்கைக்குப் பின் வருபவை' என்றார்கள். அது வரிசை. பிற்காலத்தவர் அதையே 'இயற்கைக்கு அப்பாற்பட்டவை' என்று ஆழமாகப் படித்தார்கள், 'மெட்டா' ஒரேயடியாக உயரே போய்விட்டது. 'டேட்டா' லத்தீன், தரப்பட்டவை என்று பொருள். இரண்டையும் ஒட்டி 1968இல் ஃபிலிப் பேக்லி என்ற கணினியாளர் எழுதினார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அவ்வளவுதான்.

'தரவு' என்ற பாதியில் எனக்குச் சண்டை இல்லை. தா, தரு, தரவு. லத்தீன்காரன் கொடுத்ததும் தமிழன் தந்ததும் ஒன்றே. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். அதற்குப் பிறகுதான் தாழிசை, தனிச்சொல், சுரிதகம் எல்லாம். இவ்வளவு அழகாகப் பொருந்திய சொல் கணினித் தமிழில் குறைவு.

சண்டை எல்லாம் அந்த 'மீ'யோடுதான்.

இலக்கணப்படி அதில் குற்றம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால் யாராவது நன்னூலோடு வந்துவிடுவார்கள். 'மீ'யின் முன் வல்லெழுத்து இயல்பாகவும் நிற்கும், வல்லினமும் மிகும், மெல்லினமும் மிகும். மீகண், மீக்கோள், மீந்தோல் என்று உரையாசிரியர்கள் காட்டு தருவார்கள். ஆகவே மீதரவு என்றாலும் மீத்தரவு என்றாலும் புணர்ச்சி சரி. ஆனால் அந்த மூன்றாவது காட்டைக் கொஞ்சம் பாருங்கள். மீந்தோல் என்றால் மேல்தோல். இன்றைக்குக் கோழிக்கடையில் போய் 'மீந்தோல்' என்று சொன்னால் என்ன கொடுப்பார்? மீந்து போன தோலைத்தான். மீது, மீதி, மீதம், மீந்தது, மீத்தது என்று மேலே நிற்பதும் மிஞ்சி நிற்பதும் தமிழில் ஒட்டுச்சுவர் வைத்த வீடுகள். அதில் ஒரு வீடு பேச்சுவழக்கில் என்றைக்கோ காலியாகிவிட்டது. 'மேல்' என்ற பொருளில் தனி 'மீ' இன்று யார் வாயிலும் இல்லை. 'மிச்சம்' என்ற பொருளில் தினம் மூன்று வேளை இருக்கிறது. கலைச்சொல் ஆக்குகிறவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்ட வேண்டாமா?

சரி, மேல் என்றே புரிந்துகொண்டாலும் எதற்கு மேல்? மீயொலி என்றால் காதுக்கு எட்டாத மேல் அலைவரிசை. மீக்கணினி என்றால் ராட்சதக் கணினி. மீயுரை என்றால் இணைப்புகள் கொண்ட உரை. ஆங்கிலத்தில் அல்ட்ரா, சூப்பர், ஹைப்பர் என்று மூன்று வேறு ஒட்டுகள். மூன்றையும் இந்த ஒற்றை எழுத்தின் தலையில் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. நான்காவதாக மெட்டாவையும் ஏற்றினால் அது என்ன கோயம்பேடு மூட்டைத் தொழிலாளியா? முன்பின் தெரியாதவர் 'மீத்தரவு' என்று படித்தால், மீக்கணினியை வைத்து ஒப்பிட்டு, 'ஏதோ பிரம்மாண்டமான தரவு போலிருக்கிறது' என்றுதான் நினைப்பார். இருப்பதோ ஒரு தேதி, ஒரு நேரம், கேமராவின் பெயர். தபால் அட்டையில் அடங்கிவிடும்.

'மேனிலைத் தரவு' என்று ஒரு கட்சியும் உண்டு. மேனிலைப் பள்ளி தெரியும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி தெரியும். தரவைத் தொட்டியில் ஏற்றி எங்கே குழாய் விடப் போகிறார்கள்? இன்னொரு கட்சி 'தரவைப் பற்றிய தரவு' என்று வரையறையையே பெயராக வைக்கச் சொல்கிறது. மாமாவுக்கு 'அம்மாவின் சகோதரர்' என்று பெயர் வைத்த மாதிரி இருக்கிறது.

என் வழக்கு எளிது. ஒட்டை மொழிபெயர்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள். 'மெட்டா' என்று தொடங்கும் சொற்களுக்கு நம் ஆட்கள் ஒரு காலத்தில் என்ன செய்தார்கள்? மெட்டஃபருக்கு உருவகம் என்று பழைய சொல்லே இருந்தது. புழு பட்டாம்பூச்சியாகிற மெட்டமார்ஃபசிஸை உருமாற்றம் என்றார்கள். மெட்டபாலிசத்தை வளர்சிதை மாற்றம் என்றார்கள். உடம்புக்குள் ஒன்று வளர்கிறது, ஒன்று சிதைகிறது என்று பாடமே நடத்திவிடுகிற சொல் அது. ஒன்றிலாவது 'மீ' வந்ததா? யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறார். செய்தித்தாள்காரர்களும் அப்படித்தான். யார் யாரிடம் எப்போது எத்தனை நிமிடம் பேசினார் என்கிற பட்டியலும் மெட்டாடேட்டாதான். அதை 'செல்போன் அழைப்பு விவரம்' என்று எழுதுகிறார்கள். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

இப்போது மேகத்துக்கு வருவோம், ஏனென்றால் 'மேல்' என்ற பொருள் எவ்வளவு தப்பு என்பது அங்கேதான் தெரியும். ஒரு படத்துக்குத் தேதி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கோப்புக்கு உள்ளேயே. ஜப்பானில் 1995இல் வகுத்த எக்சிஃப் என்ற முறைப்படி, எடுத்த நாளும் நேரமும் கேமராவே படத்துக்குள் எழுதிவிடுகிறது. இன்னொன்று கோப்புக்கு வெளியே, போனின் கோப்புமுறைமை வைத்திருக்கிற கணக்கில்: எப்போது வந்தது, எப்போது திருத்தியது. மேகத்தில் ஏற்றும் செயலி அனுப்புவது கோப்பின் உள்ளிருப்பதை மட்டும். வெளியே இருக்கிற தேதியைத் தனியாகக் கேட்டு வாங்கித் தனியாக அனுப்ப வேண்டும்; வாங்கி வைக்க அந்தப் பக்கம் இடம் வேண்டும்; இறக்கும்போது புதுப் போனில் திரும்ப எழுத வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பத்து வருஷத்துப் படம் இன்று காலை பிறந்த குழந்தையாகிவிடும்.

உள்ளே இருக்கிறது என்பதற்காக அதுவும் சாசுவதம் இல்லை. அரட்டைச் செயலிகளில் 'படம்' என்று அனுப்பினால் சுருக்குகிற சாக்கில் எக்சிஃப் குறிப்பைப் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். 'ஆவணம்' என்று அனுப்பினால் அப்படியே போகும். அந்த எக்சிஃப் முறையிலும் நேரம் மட்டும்தான் இருந்தது, எந்த நாட்டு நேரம் என்று எழுத 2016 வரை இடமே இல்லை. அதனால் சில நேரம் படங்கள் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் உட்காரும். தேதியே கிடைக்காவிட்டால் கணினி தன் எண்ணிக்கையின் பூஜ்யத்தைக் காட்டும்: 1970 ஜனவரி 1, இந்திய நேரப்படி காலை ஐந்தரை. அத்தையின் பேத்தி படம் ஒன்று அந்தத் தேதியில் இருக்கிறது. அத்தைக்கே அப்போது பத்து வயதுதான்.

ஆக இதில் எதுவும் 'மேலே' இல்லை. சில உள்ளே, சில பக்கத்தில். கூட வந்தால் பிழைத்தது, கூட வராவிட்டால் போனது. கிரேக்க 'மெட்டா'வுக்கு 'உடன்' என்றும் பொருள் உண்டு என்று முதலில் சொன்னேனே, அந்தக் கதவைத் தட்டுங்கள். உடன்குறிப்பு. உடன்பிறந்தான், உடன்படிக்கை, உடன்குறிப்பு. 'பதிவேற்றும்போது படத்தின் உடன்குறிப்புகள் அப்படியே இருக்கும்' என்று போட்டிருந்தால் அத்தை என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

'இதில் தரவு எங்கே?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறிப்பு தரவு இல்லையா என்ன? 'தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார்களே, அது எப்படி உடன்?' என்றும் கேட்டார். உடன்பிறந்தான் என்ன வயிற்றுக்குள்ளேயா இருக்கிறான்?

ஒரு கணம், நூலுக்கு முன்னுரையாக நிற்கிற 'பாயிரம்' என்றே சொல்லிவிடலாமா என்று ஆசை வந்தது உண்மை. சிறப்புப் பாயிரம் என்ன என்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் அடுக்குகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்களும் உண்டு என்கிறது. மொத்தம் பதினொன்று. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் என்ற ஊரில் நூலகத்தார் கூடித் தொடங்கி வைத்த உடன்குறிப்புப் பட்டியல் பிறகு பதினைந்து கூறுகளாக நிலைத்தது. ஆக்கியோன், தலைப்பு, பொருள், நாள், மூலம் என்று பல நன்னூல் எழுதிய பவணந்தியார் கேட்டவைதான். 'ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே.' ஆனாலும் சாம்பார் வாளியைப் படம் எடுத்துவிட்டு அதன் பாயிரம் எங்கே என்று தேடினால் நன்றாக இருக்காது. ஆசையை அடக்கிக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லைதான். அவர்களுக்குத் திரையைக் காட்டுவதில்லை; அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஒற்றைச் சொல்லைக் கொடுத்து எதிர்க் கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள். அவர்களும் நிரப்பிவிடுகிறார்கள். 'உருவாக்கப்பட்டது' என்று ஒரு தேதி, 'மாற்றப்பட்டது' என்று அதற்கு முந்திய தேதி. பிறப்பதற்கு முன்பே திருந்திய கோப்பு! கணினியில் நகலெடுத்தால் நகல் பிறந்த நாளைத்தான் முதலாவது சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'மீட்டமை' என்று ஒரு பொத்தான் போனில் உள்ளதை எல்லாம் துடைக்கும். 'மீட்டெடு' என்ற பொத்தான் துடைத்ததைத் திருப்பித் தரும். இரண்டுக்கும் நடுவில் இரண்டே எழுத்து வித்தியாசம், அங்கேயும் முன்னால் நிற்பது அதே 'மீ'. அத்தை இரண்டையும் தொட மாட்டார்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனவர்களுக்குக்கூட இந்தத் தெளிவு இருக்கிறது. எழுதிக் கொடுத்த நாள் வேறு, பதிவு செய்த நாள் வேறு. எழுதி நான்கு மாதத்துக்குள் கொண்டுபோனால் போதும் என்கிற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பதிவான பத்திரம் பதிவான நாளிலிருந்து இல்லாமல் எழுதிய நாள் கணக்கிலேயே செல்லும் என்கிறது. மேகக்காரர்கள் காட்டுவது பதிவு நாளை. நமக்கு வேண்டியது எழுதிய நாள். எடுத்த தேதி, திருத்திய தேதி, ஏற்றிய தேதி, இறக்கிய தேதி என்று நாலு வினை போட்டால் முடிந்தது வேலை. 'உருவாக்கம்' என்ற பூசணிக்காய்க்குள் நாலையும் மறைக்க வேண்டியதில்லை.

அத்தையின் கவலைக்குக் காரணம் 2015 டிசம்பர் படங்கள். 1ஆம் தேதி இரவு அடையாறு ஏறி வந்து கீழ்வீட்டை நிரப்பியபோது மாடியிலிருந்து எடுத்தவை. பழைய போனிலிருந்து மேகத்துக்குப் போய், புதுப் போனில் இறங்கியதும் எல்லாவற்றுக்கும் போன வெள்ளிக்கிழமைத் தேதி. ஒரு தடவை மேகம் வீட்டைக் கெடுத்தது, இப்போது மேகம் தேதியைக் கெடுத்தது. நல்லவேளை, அவர் கையால் எடுத்த படங்களுக்கு உள்ளே தேதி இருந்தது. எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்தியதும் தானாக இடத்துக்கு வந்துவிட்டன. மற்ற கோப்புகளை அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மூட்டைக்குள் திருத்திய தேதி பத்திரமாக இருக்கும்.

அக்கம்பக்கத்தார் அரட்டைச் செயலியில் அனுப்பிய படங்களுக்குத்தான் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கோப்பின் பெயரில் இருந்தது வந்து சேர்ந்த நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்தோம். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு வித்த அன்னிக்கு. இது படகு வந்தப்போ. இதுல பாரு, லைட் எரியுது, அப்ப கரண்ட் வந்த அன்னிக்கு." நான் எடுத்த தேதி என்ற கட்டத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் என்றைக்கு வந்தது என்பதில் மட்டும் எதிர்வீட்டு மாமிக்கும் அத்தைக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருக்கிறது.