பழைய போன் பெட்டிக்குப் புதிய சேவை

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இணையத் தொலைபேசிச் சேவையை நிறுத்திவிட்டேன். லிங்க்சிஸ் பிஏபி2டி அடாப்டர் சும்மா கிடக்கிறது. அதில் வேறு கம்பெனியின் சேவையைப் போட்டுக்கொள்ளலாமா?"

தாராளமாக, பழைய கம்பெனி தன் சேவைக்கு மட்டும் என்று அதைப் பூட்டி வைக்கவில்லையென்றால். அடாப்டர் என்பது சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டி. அது போனுக்கு மின்சாரம் கொடுக்கிறது, மணி அடிக்க வைக்கிறது. நம் பேச்சை நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. கம்பெனி மாறினாலும் இந்த வேலை மாறாது. அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி விதிமுறையும் (2002-ல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணைய விதிமுறை ஆவணம்) எல்லோருக்கும் பொது. பெரும்பாலும் மாற்ற வேண்டியவை மூன்றுதான்: சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல்.

போனை எடுத்து நான்கு முறை நட்சத்திரத்தை அழுத்துங்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் பேசும். 110# அழுத்தினால் ஐபி முகவரியைச் சொல்லும். அதை பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வந்துவிடும். பழையதை எல்லாம் அழிக்க 73738#. அந்த எண் பொத்தான்களில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள், 'ரீசெட்' என்று வரும்! அமைப்புப் பக்கத்தில் 'ப்ரொவிஷனிங்' (அமைப்புகளைத் தானாக இறக்கிக்கொள்வது) என்பதையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டி பழைய கம்பெனியிடமே போய் அமைப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பெட்டி புது சர்வரிடம் "நான் இன்னார், பதிவு செய்துகொள்" என்கிறது. சர்வர் 401 என்ற எண்ணைச் சொல்லி ('முதலில் அடையாளத்தை நிரூபி' என்று பொருள்) மறுத்துவிடுகிறது. பயப்பட வேண்டாம், அந்த மறுப்பு வேண்டுமென்றே செய்வது. அதோடு 'நான்ஸ்' என்ற ஒரு புதுக் குறியீடும் வருகிறது. பெட்டி பயனர் பெயர், சர்வர் சொன்ன களப்பெயர் (எந்தச் சேவைக்கான கடவுச்சொல் என்று காட்டும் பெயர்), கடவுச்சொல் மூன்றையும் சேர்த்து எம்டி5 என்ற கணக்கில் போடுகிறது. கிடைத்த விடையை நான்ஸோடும் கோரிக்கையின் விவரத்தோடும் சேர்த்து மறுபடி அதே கணக்கில் போடுகிறது. கடைசியில் மிஞ்சும் 32 எழுத்துதான் கம்பியில் போகிறது. சர்வரும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது; இரண்டும் ஒத்துப்போனால் 200, அதாவது 'சரி', பதிவு முடிந்தது. அரைத்த இட்லி மாவிலிருந்து அரிசியைப் பொறுக்க முடியாது அல்லவா, அதே கதைதான்: கடவுச்சொல் ஒருமுறைகூட வெளியே போகவில்லை, ஆனாலும் அது நமக்குத் தெரியும் என்று நிரூபித்தாகிவிட்டது. நடுவில் ஒருவன் அந்த 32 எழுத்தைத் திருடினாலும், நான்ஸ் மாறியதும் அது செல்லாக்காசு.

எம்டி5-க்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. 2004-லேயே அதன் பலவீனத்தைக் காட்டிவிட்டார்கள். 2020-ல் ஆர்எஃப்சி 8760 எஸ்ஐபிக்கு வலுவான கணக்குகளைச் சேர்த்தது. பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது. திருடிய 32 எழுத்தை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம் என்பதால், நீளமான கடவுச்சொல்லாக வையுங்கள்.

பூட்டிய பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பூட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை, வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாது என்ற வியாபாரக் கணக்குதான். சேவை முடிந்த அன்றே திறந்துகொடுக்கச் சட்டம் வேண்டும் என்பேன். நல்ல பெட்டி குப்பைக்குப் போவது அக்கிரமம்.

எல்லாம் சரியாக எழுதியும் பதிவாகவில்லையா? சில சேவைகளில் போன் எண் ஒன்று, அடையாளப் பெயர் வேறு. அப்போது 'ஆத் ஐடி' கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டு, 'யூஸ் ஆத் ஐடி' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். எம்டி5 கணக்கில் சேர வேண்டிய பெயர் அதுதான்.