கடிச்சதா, கொட்டிச்சா?

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். போன மாதம் ஒரு காலையில் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடைக்கு மாமா வந்தபோது அவருடைய மேலுதடு இட்லி மாதிரி உப்பியிருந்தது. செம்பனைக் குலை வெட்டுகிறவர். மட்டைக்குள் கூடு இருந்ததைக் கவனிக்காமல் அரிவாளைப் போட்டிருக்கிறார். தே தாரேக் வந்தது. வாயில் போனது பாதி, சட்டையில் போனது பாதி.

"தெபுவான்," என்றார். பெரிய குளவிக்கு மலாய்ப் பெயர்.

கடைக்காரர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கடிச்சதாண்ணே, கொட்டிச்சா?"

"ரெண்டு நாளா தூக்கம் இல்ல. இவருக்கு இலக்கணம் வேணுமாம்," என்றார் மாமா.

கேட்டது இலக்கணம்போல் தெரிந்தாலும் அது சரியான அறிவியல் கேள்வி. தமிழில் கொசு கடிக்கும், அட்டை கடிக்கும், தேள் கொட்டும், குளவி கொட்டும், கம்பளிப்பூச்சி 'பட்டுவிடும்'. கடி என்றால் வாய். கொட்டு என்றால் வால்முனை. கம்பளிப்பூச்சிக்கு இரண்டும் வேண்டாம். அதன் முள்மயிரில் நாம் பட்டாலே போதும். செம்பனை மட்டையைத் தின்னும் பச்சைப் புழுக்களில் சிலவற்றுக்கு மயிர் உள்ளே குழல்போல் இருக்கும், அடியில் நஞ்சுச் சுரப்பி. முனை தோலுக்குள் முறிந்து நஞ்சு இறங்கிவிடும். மூன்று வினைச்சொல்லும் மூன்று வெவ்வேறு கருவிகளைக் குறிக்கின்றன. தமிழ் வழுக்கியது எறும்பிடம் மட்டும்தான். எல்லா எறும்பும் 'கடிக்கிறது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

திடலில் செருப்பில்லாமல் பந்து விளையாடியவர்களுக்குச் செமுட் அப்பியைத் தெரியும், நெருப்பெறும்பு. அது முதலில் தாடையால் தோலைக் கவ்விக்கொள்ளும். வலி அந்தக் கடியால் அல்ல. கவ்விய இடத்தை அச்சாக்கி உடம்பை வளைத்து, பின்பக்கக் கொடுக்கை இறக்கும். தலையை எடுக்காமல் உடம்பை மட்டும் சுற்றிச் சுற்றி மறுபடி மறுபடி குத்தும். மறுநாள் கொப்புளங்கள் வட்டமாக வரிசை கட்டி நிற்பது அதனால்தான். இது நம் ஊர் எறும்புகூட இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பல்களின் மண்ணோடு ஆசியாவுக்கு வந்தது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

கொடுக்கு என்பது ஆதியில் முட்டையிடும் குழாய். தேனீ, குளவி, எறும்பு மூன்றும் ஒரே குடும்பத் தொடர்பு. இவற்றின் முன்னோர்கள் செடித்தண்டிலோ வேறு பூச்சியின் உடம்பிலோ துளைபோட்டு முட்டையிட வைத்திருந்த ஊசிதான் பிறகு நஞ்சேற்றும் ஊசியானது. ஆகவே கொட்டுவதெல்லாம் பெண். ஆண் குளவியைக் கையில் பிடிக்கலாம், அது ஆண்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால்.

'கொட்டிக் கொட்டிப் புழுவும் குளவியாகும்' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப்புழுவைத் தூக்கிவந்து உள்ளே வைத்து அடைக்கிறது. சில வாரத்தில் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வருகிறது. பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? கவனித்தது பிசகில்லை, முடிவுதான் பிசகு. குளவி கொட்டியது புழுவைக் கொல்வதற்கில்லை, முடக்கிப் போடுவதற்கு. செத்தால் அழுகிவிடும். உயிரோடு அசையாமல் கிடந்தால் குளவியின் குஞ்சுக்குப் பல நாள் சாப்பாடு. இந்த நஞ்சின் வேலை வலிக்கவைப்பதில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கொட்டவே தெரியாத ஒன்றும் தோட்டத்தில் உண்டு. கெரெங்கா. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. முசுறு என்றும் சொல்வார்கள். ரம்புத்தான் மரத்தில் ஏறிய பிள்ளைகளில் இதனிடம் மாட்டாதவர் இல்லை. இதற்கு வேலைசெய்யும் கொடுக்கு கிடையாது. தாடையால் தோலைக் கிழித்துவிட்டு, வயிற்றை முன்னால் வளைத்து அந்தக் காயத்திலேயே அமிலத்தைப் பீய்ச்சும். வலி என்பதைவிட எரிச்சல் என்பதே சரி.

அந்த அமிலம் பார்மிக் ஆசிட். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இறக்கியதைப் பற்றி எழுதினார். எறும்புக்கு லத்தீனில் 'பார்மிகா', அதிலிருந்து வந்த பெயர். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லத்தீன் வேண்டியதில்லை, மூக்கு போதும். பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் காலத்தில், மங்கில் சேர்ந்த பாலை வாளியில் கொண்டுவந்து தட்டுகளில் ஊற்றி உறையவைப்பார்கள். உறை ஊற்றுவதும் இதே பார்மிக் ஆசிட்தான். மலாய்க்காரர்கள் 'சூக்கா கெத்தா', ரப்பர்க் காடி, என்பார்கள். கெரெங்காக் கூட்டைக் கையில் நசுக்கி முகர்ந்து பார்த்தால் அந்தக் கொட்டகை வாசம் அடிக்கும். (நசுக்கியது சின்ன வயதில். இப்போது சிபாரிசு செய்யமாட்டேன்.)

ரப்பர் பாலில் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றைச் சுற்றியுள்ள புரதப் போர்வையின் எதிர்மின்னேற்றம். எல்லாம் ஒரே மின்னேற்றம், ஆகவே ஒன்றையொன்று தள்ளும். அமிலம் விழுந்ததும் அந்த மின்னேற்றம் அடங்கிவிடுகிறது. துகள்கள் மோதி ஒட்டித் திரண்டுவிடுகின்றன. நம் தோலுக்குள் போகும் அமிலமும் புரதங்களைத்தான் கலைக்கிறது, ஆனால் சொட்டு அளவுகூட இல்லை. உடம்பு சீக்கிரமே அதைக் கழுவித் தள்ளிவிடும். கெரெங்கா எரிச்சல் அரைமணியில் அடங்குவது அதனால்.

கெரெங்காவைத் திட்டுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்: செம்பனை இலையை அரிக்கும், கூடு சுமந்து திரியும் புழுக்களை அது தின்கிறது. தென்சீனத்தில் கி.பி. 304 வாக்கிலேயே ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதாகக் குறிப்பு இருக்கிறது.

சரி, எது அதிகமாக வலிக்கும்? இதைத் தன் உடம்பிலேயே அளந்த மனிதர் ஒருவர் இருந்தார். அரிசோனாவைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட், 2023-இல் காலமானார். அவருடைய ஆய்வு உண்மையில் நஞ்சு எப்படி ரத்த அணுக்களைச் சிதைக்கிறது என்பதைப் பற்றியது. வலியை ஒப்பிட ஓர் அளவுகோல் இல்லாததால் 1983-இல் தானே ஒன்றைப் போட்டார். தேனீ கொட்டினால் 2. அதற்குக் குறைந்தவை 1. தாங்க முடியாதவை 4. 1990-இல் இந்தப் பட்டியல் 78 இனங்களாக வளர்ந்தது. கடிகாரம்போல் அளக்கும் கருவி இல்லை இது, ஒரு மனிதரின் முனகல்தான். ஆனாலும் இதைவிட நல்லது இன்றுவரை யாரிடமும் இல்லை.

நெருப்பெறும்பு அதில் வெறும் 1. உச்சியில் மத்திய, தென்னமெரிக்கக் காடுகளின் புல்லட் எறும்பு. அங்குள்ளவர்கள் 24 மணிநேர எறும்பு என்றும் சொல்கிறார்கள், வலி அவ்வளவு நேரம் நிற்கும் என்பதால். கூடவே 4 வாங்கிய இன்னொன்று டரான்டுலா சிலந்தியை வேட்டையாடும் பெரிய குளவி. கொட்டினால் கீழே படுத்துக் கத்துங்கள் என்பது ஷ்மிட்டின் யோசனை. நடந்தால் தடுக்கி விழுந்து வேறு காயம் பட்டுக்கொள்வீர்களாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் அந்த வலி போய்விடும்.

ஒரு துளி நஞ்சு இவ்வளவு வலியை எப்படிக் கிளப்புகிறது? வலி நரம்பின் முனைகளில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கதவு திறந்தால் மின்துடிப்பு ஓடும், மூளை அதை வலி என்று வாசிக்கும். ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வொரு கதவைத் தட்டுகிறது.

தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின், 26 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதச் சங்கிலி. செல் சுவரில் இது துளைபோடும். போதாக்குறைக்கு, சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற கதவையும் மறைமுகமாகத் திறந்துவிடும். அந்தக் கதவை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் அதைக் கண்டுபிடித்தது மிளகாய்க் காரத்தை வைத்து. சிலி பாடியைக் கடித்தபோது நாக்கில் திறக்கும் கதவும் தேனீ கொட்டியபோது விரலில் திறக்கும் கதவும் ஒன்றே. 'நெருப்பாய் எரியுது' என்று நாம் சொல்வது மிகையில்லை, நரம்பு அப்படித்தான் சொல்லி அனுப்புகிறது.

புல்லட் எறும்பின் பொனெராடாக்சின் வேறு தந்திரம். நரம்பில் துடிப்பை உண்டாக்கும் சோடியக் கதவு, திறந்த மறுநொடி மூடிக்கொள்ள வேண்டும். இது அதை மூடவிடாது. ஒருமுறை அடித்து நிற்கவேண்டிய மணி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். விண்விண்ணென்று தெறிக்கிறது என்போமே, அதுவே நாள் முழுக்க.

தெபுவான் ஒரு கலவையையே இறக்கும். அசெட்டைல்கோலின், செரட்டோனின், ஹிஸ்டமின், ரத்தநாளத்தை விரிக்கும் கைனின்கள். செரட்டோனின் மூளையில் இருந்தால் மனநிலையைச் சீராக்க உதவும். தோலுக்கடியில் ஊசியாக வந்தால் உயிர்போகும் வலி. கூடவே மாஸ்டோபரான் என்ற ஒன்று, நம்முடைய மாஸ்ட் செல்களை உடைத்து அவற்றிலிருக்கும் ஹிஸ்டமினையும் கொட்டவைக்கும். மாமாவின் உதடு வீங்கியதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு.

இங்கேதான் அந்தப் பச்சைப்புழுக் குளவிக்குத் திரும்ப வேண்டும். தனியாக வேட்டையாடும் குளவிகள் பெரும்பாலும் கொட்டினால் அவ்வளவாக வலிக்காது. அவற்றின் நஞ்சு இரையை முடக்க வந்தது. சிலந்திக் குளவி விதிவிலக்கு. வலியில் கைதேர்ந்தவை கூட்டமாக வாழ்பவை. காரணம், அவற்றின் வீட்டில் கொள்ளையடிக்கச் சரக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான கொழுத்த புழுக்கள், தேனீயானால் தேனும். நம் காட்டுக் கரடிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயரே தேன்கரடி. எழுபது கிலோ மிருகத்தை ஒரு துளி நஞ்சால் கொல்ல முடியாது, ஆனால் 'செத்தேன்' என்று நம்பவைத்துத் துரத்தலாம். வலி ஒரு பொய் என்றே ஷ்மிட் எழுதினார். அவர் 4 கொடுத்த சிலந்திக் குளவியின் நஞ்சு பெரிதாக எந்தக் கேடும் செய்வதில்லை. எலிகளில் சோதித்ததில் பூச்சி நஞ்சுகளிலேயே கொடியது அமெரிக்காவின் ஒரு விதை சேகரிக்கும் எறும்புடையது. அதன் வலிக்கு அவர் கொடுத்தது 3.

வலியே இல்லாமல் புண்ணாக்குவதும் உண்டு. நம் ஊரில் 'செமுட் சார்லி' என்கிறோமே, அது எறும்பே அல்ல, ஒரு வண்டு. கடிக்காது, கொட்டாது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து கழுத்தில் ஊரும். நாம் பழக்கத்தில் நசுக்கித் தேய்ப்போம். அதன் ரத்தத்திலுள்ள பெடரின் ஒருநாள் கழித்துத் தோலை வேகவைத்ததுபோல் கொப்புளமாக்கும். ஊதித் தள்ளிவிட்டு, இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மாமா உதட்டில் சுண்ணாம்பு தடவியிருந்தார். கடைக்காரர் வினிகர் என்றார், இன்னொருவர் கோடரித் தைலம். அமிலத்தைக் காரம் முறிக்கும் என்ற கணக்கு கெரெங்காவுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தலாம். தேனீயும் தெபுவானும் ஊசியால் உள்ளே இறக்கிய புரதத்தை, மேலே பூசிய சுண்ணாம்பு எட்டிக்கூடப் பார்க்காது. ஐஸ் நல்லது. தேனீயானால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். முள்முனை மாட்டிக்கொள்வதால் பை சகிதம் பிய்ந்து, தேனீ போன பிறகும் தானாகவே நஞ்சை இறைத்துக்கொண்டிருக்கும். கிள்ளாதே, அட்டையால் வழித்தெடு என்பார்கள். 1996-இல் சோதித்துப் பார்த்ததில் எப்படி எடுத்தால் என்ன, எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் வந்தால் நிற்காதீர்கள். மற்ற தேனீக்களை அழைக்கும் வாசம் அது. தெபுவானின் கொடுக்கோ பிய்ந்து நிற்காது, ஒன்றே பலமுறை கொட்டும்.

உயிர் போவது பெரும்பாலும் ஒவ்வாமையால். உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் சுண்ணாம்பு தேடும் நேரமில்லை. நேரே ஆஸ்பத்திரி, அட்ரினலின் ஊசிதான் மருந்து. பத்துப் பதினைந்து தெபுவான் மொத்தமாகக் கொட்டியிருந்தாலும் அப்படியே, சிறுநீரகம் கெடலாம். கூட்டைக் கலைக்க நெருப்புப் பந்தத்தோடு கிளம்பாமல் பொம்பாவை, தீயணைப்புப் படையை, கூப்பிடுங்கள்.

அப்பா காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்குமுன் பால்மரம் சீவப் போவார்கள். இரவில் பறக்கும் பழுப்புக் குளவி ஒன்று இந்தப் பக்கக் காடுகளில் உண்டு, வெளிச்சத்தைத் தேடி வரும். அவர் சொன்ன கதைகளில் கொட்டு வாங்கியது நெற்றியும் கையும். செம்பனை வந்தபின் ஆட்கள் நாளெல்லாம் அண்ணாந்து பார்த்து வேலை செய்கிறார்கள். மூக்கும் வாயும் நேராகக் கூட்டுக்குக் கீழே.

இடத்துக்கு இடம் வலி மாறுமா என்பதையும் ஒருவர் பார்த்துவிட்டார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்மித், தன் உடம்பில் 25 இடங்களில் தேனீயைப் பிடித்துவைத்துக் கொட்டவிட்டு 10-க்கு மதிப்பெண் போட்டார், 2014-இல் வெளியிட்டார். உச்சந்தலைக்கு 2.3. மூக்குத் துவாரத்துக்கு 9. மேலுதட்டுக்கு 8.7. மறுவருடம் அவருக்கும் ஷ்மிட்டுக்கும் சேர்த்து, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள்.

இதை மாமாவிடம் சொன்னேன். மேலுதட்டுக்கு 8.7 என்பதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தத் தம்பிக்கு தேனீ. எனக்கு தெபுவான்," என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஸ்ட்ரா கேட்டார்.